பார்த்தாயிற்று

"அம்மா படம் ஒண்ணு குடுங்க சார், தேடறவங்களுக்கு அனுப்பணும்" என்றார் அருவிக் காவலர்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் கைபேசியைத் திறந்தார்.

அருவி முன்னால் ஜோடியாக ஒரு படம் எடுக்கலாம் என்று சுற்றுலா வழிகாட்டி வற்புறுத்தியபோதுதான் மனைவி பக்கத்தில் இல்லை என்று கண்டார். பத்து நிமிஷம் கூப்பிட்டும் பதில் இல்லை. அவளுக்கென்று தனிக் கைபேசி கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்பது அவர் கொள்கை. பாறையெல்லாம் பாசி. தண்ணீர் விழும் இடத்தில் ஆழம் எவ்வளவு என்று காவலருக்கே தெரியவில்லை.

பயந்துவிட்டார். முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் இப்படிப் பயந்ததில்லை.

படத்துக்கா பஞ்சம்? பன்னிரண்டு நாளில் நாடு முழுக்க நாற்பது இடம், இது முப்பத்தொன்றாவது. இதுவரை ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்தாயிற்று.

அவர் மலையோடு. அவர் குகையோடு. அவர் பாலைவனத்தில், ஒட்டகத்தைவிட அலுத்துப்போன முகத்தோடு. கலங்கரை விளக்கத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அவர். நாட்டிலுள்ள அதிசயங்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் மரியாதையாக ஒதுங்கி நின்றன.

மனைவி ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பாள்? படம் எடுத்ததே அவள்தான்.

தேடித் தேடி, சில படங்களின் ஓரத்தில் ஒரு கட்டைவிரலைக் கண்டுபிடித்தார். விரல் விழாமல் ஒரு படம் எடுக்கத் துப்பில்லையா என்று ஊருக்கு ஊர் அவர் திட்டிய விரல். இப்போது அதைப் பெரிதாக்கிக் காவலரிடம் காட்டினார். காவலர் பாவம், நல்ல மனிதர். அதையும் உற்றுப் பார்த்தார்.

"என்ன கலர் துணி போட்டிருந்தாங்க?"

ஆய்வாளர் அருவியைப் பார்த்தார்.

"வெள்ளை மாதிரி..." என்று இழுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வேலையில் புலி. பதவியில் இருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்தை, டீ குடிக்கும் நேரமும் சேர்த்து, இருபது நிமிஷத்தில் ஆய்வு செய்து முடித்துவிடுவார். நுனிப்புல் மேய்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டுமே. அந்தச் சுறுசுறுப்பு இந்தப் பயணத்திலும் குறையவில்லை. பேருந்து நின்றதும் முதல் ஆளாக இறங்குவார். ஒரு படம். பட்டியலில் அந்த இடத்துக்கு நேராக 'பார்த்தாயிற்று' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போடுவார். இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டுவார்.

"ஆறாம் நம்பர் ஜோடின்னு கூப்பிட்டப்ப, இருக்கோம்னீங்களே சார்!" என்றார் வழிகாட்டி, அழாத குறையாக.

அந்தப் பேருந்தில் தலையை எண்ணுவதில்லை, ஜோடியைத்தான் எண்ணுவார்கள். ஒருவர் குரல் கொடுத்தால் இருவரும் ஆஜர். ஆறாம் நம்பருக்குக் குரல் கொடுப்பவர் எப்போதும் ஆய்வாளர்தான், அதுவும் பட்டியலிலிருந்து தலை நிமிராமல். வளைவுப் பாதையில் குமட்டுகிறது என்று மனைவி பின்சீட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொள்வாள். அவர் பக்கத்தில் பை உட்கார்ந்திருக்கும். தங்குமிடத்திலும் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம்.

கடைசிப் படங்களுக்கு வந்துவிட்டார். இவற்றில் விரலும் இல்லை. கோணல் இல்லாமல், பளிச்சென்று இருந்தன.

"இப்பத்தான் கத்துக்கிட்டா" என்றார். அந்தப் பதற்றத்திலும் அவருக்குச் சின்னதாக ஒரு பெருமை.

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். "அது நான் எடுத்தது சார். அக்கா பராக்கு பாத்துக்கிட்டு நின்னுடுவாங்க. நீங்க திரும்பாமலே போனைப் பின்னால நீட்டுவீங்க, நான் வாங்கிக்குவேன். நேத்துக் காலையிலேர்ந்து அப்படித்தான்."

"அப்ப இன்னைக்கு அவளைப் பாத்தது யாரு?"

கேட்ட கேள்வி தன்னையே திரும்பிப் பார்ப்பது ஆய்வாளருக்கு அப்போதுதான் உறைத்தது. ஈரப் பாறை என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு எத்தனை முறை 'இருக்கோம்' என்று சொன்னோம் என்று யோசித்தார். வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

அந்த நேரத்தில்தான் பின்சீட்டுப் பெண்கள் நான்கு பேரும் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும், அவர்களில் மூத்தவள் துண்டை இறக்கிவிட்டு அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"அக்காவையா தேடறீங்க? அவங்கதான் நேத்தே இறங்கிட்டாங்களே சார். ஏரி நல்லா இருக்கு, ரெண்டு நாள் இங்கேயே தங்கிப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்னு உங்க சீட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தானே போனாங்க? நீங்களும் சரி சரின்னு தலையாட்டினீங்களே!"

காவலர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஆய்வாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே புறப்பட்டுவிட வேண்டும் என்று துடித்தார். மீதி ஒன்பது இடமும் எக்கேடு கெட்டும் போகட்டும். எழுந்து நின்று, நேற்றைய நாளை நினைவுபடுத்திப் பார்த்தார். காலையில் ஒரு ஏரி. அப்புறம் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. நான்கிலும் தண்ணீர் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எந்த ஏரிம்மா?" என்று கேட்டார்.

பெண்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அக்கா பாத்து முடிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு மூத்தவள் மறுபடி தலையைத் துவட்டத் தொடங்கினாள்.