விட்டுக்கொடுத்த பாடு

"பாய்! காலேஜ்லேருந்து கடுதாசி வந்தா என் கையில குடு. எங்க வூட்டு ஆள் கையில மட்டும் குடுத்துடாதே, உனக்குப் புண்ணியமா போவும்!"

கோட்டைக்குப்பத்து இருசம்மாள் மீன் கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு கெஞ்சினாள். தபால்காரர் அப்துல் ஹை சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி நின்று, தாடிக்குள் சிரித்தார்.

"சரிம்மா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"சிரிக்காதே பாய். எனக்குப் பயமா கீது."

பயப்படாமல் என்ன செய்வாள்? மகள் மனோரமா பொன்னேரியில் பிளஸ் டூ முடித்து, பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மெட்ராஸ் டாக்டர் காலேஜ் என்றால் சும்மாவா? ஆயிரம் பேர் மனுப் போட்டால் பத்துப் பேருக்கு இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். போடுவதைச் சீக்கிரம் போடு என்று டீச்சர் வேறு சொல்லியிருந்தார்.

வீட்டிலோ கதை வேறு. புருஷன் தாமோதரனின் அக்கா சாமுண்டீஸ்வரி, தன் மகனுக்கு மனோரமாவைக் கேட்டு வந்து, ஒரு பட்டுப் புடவையையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா பேச்சு தாமோதரனுக்குச் சாமி வாக்கு. மனு விஷயம் தெரிந்தால் நேராக அக்காவிடம் போய் ஒப்பித்துவிடுவான். அப்புறம் அந்த மகராசி மறுநாளே மேளத்தோடு வந்து நிற்பாள்.

அதனால்தான் இருசம்மாள் மகளைத் தனியாகப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மனுவை நாமளே போட்டுடலாம்டி. உங்க நைனாவுக்குத் தெரியக் கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"யம்மா, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. பண்ணுடி!"

மனோரமா வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தாள். மறுநாளே மனுப் பாரம் வாங்கி வந்தாள். அத்தனையும் இங்கிலீஷ். அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அவள் மடமடவென்று நிரப்பிய வேகத்தைப் பார்த்துப் பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் காட்டிய இடத்தில் கட்டை விரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள்.

அன்று மத்தியானம் தாமோதரன் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கேட்டான்.

"இன்னாமே, ஆவணியில கல்யாணத்தை வெச்சுக்கலாமான்னு அக்கா கேக்குது. நீ இன்னா சொல்றே?"

"வெச்சுக்கலாமே! எனக்கு சந்தோசந்தான்" என்றாள் இருசம்மாள், வாய் கூசாமல். "புடவை கூட பொட்டியில பத்திரமா கீது."

அவன் முகம் ஏனோ தொங்கிப் போயிற்று. முதுகு வலியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த முதுகு வலி ஒரு தனிக் கூத்து. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். வருஷத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் நல்ல இடம் போன மாசம் தாமோதரனுக்கு விழுந்தது. மனுஷன் அதைப் பங்காளி ரங்கனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முதுகு வலிக்கிறது, பொன்னேரியில் வைத்தியரைப் பார்க்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டான்.

"இறாலு குவியற எடத்தை எவனாவது விட்டுக்குடுப்பானா?" என்று இருசம்மாள் இரண்டு நாள் விடாமல் திட்டித் தீர்த்தாள். அவன் முதுகைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஒரு நாள் காலை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"மனோரமா! வெளிய வாம்மா. உங்க அம்மா, நைனா ரெண்டு பேரும் கூட வரட்டும்."

இருசம்மாள் அப்துல் ஹையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், உதட்டைக் கடித்தாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"பேரு யாருதோ அவங்க கையிலதான் குடுப்பேன். இல்லன்னா உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா குடுத்த வாக்கு கெட்டுப்பூடும்" என்று உறையை மனோரமாவிடம் நீட்டினார்.

தாமோதரன் இருமினான். மனோரமா பிரித்துப் படித்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரே பொண்ணு பேர்ல ரெண்டு மனு வந்துச்சாம். அதுல, அம்மா கைநாட்டு வெச்சு தபால்ல வந்ததைத் தள்ளிட்டாங்களாம்."

குட்டு உடைந்ததுகூட இருசம்மாளுக்கு உறைக்கவில்லை. மகள் படிப்பு போச்சே என்று கண்ணில் நீர் முட்டியது.

"அய்யோ! குறுக்கால இன்னொண்ணை எவடி போட்டது?"

"குறுக்கால வந்தது உன்னுதுதாம்மா. மனு வாங்க ஆரம்பிச்ச மொத நாளே நைனா கைநாட்டு வெச்சு, நேர்லயே வந்து குடுத்துட்டாராம். மொத நம்பரு! அதை எடுத்துக்கினு, வர்ற பதினெட்டாம் தேதி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்ட்டிருக்காங்க."

இருசம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். வைத்தியர் பேரைச் சொல்லி மெட்ராஸுக்குப் போய் வந்த தாமோதரன் வலிக்காத முதுகைத் தடவிக்கொண்டு நின்றான்.

"நீதானமே அக்கா புடவையை ஆசையா பொட்டியில வெச்சே? சொன்னா ஒத்துக்க மாட்டேன்னு..."

"யோவ், நான் உனக்குப் பயந்துதான்யா வெச்சேன்!"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. பாதியில் ஏதோ தட்ட, சிரிப்பை நிறுத்திவிட்டு இருவரும் மகளைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் என்ன, இரண்டு பேருக்கும் தமிழே எழுதத் தெரியாது.

"அப்ப ரெண்டையும் எழுதினது..."

"நான்தான்" என்றாள் மனோரமா. "உன் தலையில அடிச்சு ஒரு சத்தியம், அதுக்கு முந்தியே நைனா தலையில அடிச்சு ஒரு சத்தியம். நான் இன்னாம்மா பண்றது?"