அரக்கனின் குரல்

புது வீடியோ கேமின் கடைசி அரக்கன் முதலாளியின் மூக்குக்கண்ணாடியையே மாட்டியிருந்தான். உதை விழும்போதெல்லாம், "அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்!" என்று முதலாளியின் குரலிலேயே அலறினான்.

"யார் பார்த்த வேலை இது?" முதலாளி மேஜையைத் தட்டினார்.

ஒரு காலத்தில் தன் கேம்களில் ஊரையே வம்புக்கு இழுத்த கம்பெனி. இப்போது அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"உடனே தூக்கிடறோம் சார்" என்றார் மேனேஜர்.

புரோகிராமர் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று எழுந்தாள்.

"தூக்கக் கூடாது சார். மத்ததெல்லாம் உப்புசப்பில்லாம இருக்கு. நாங்க சிரிச்சு விளையாடினதே அந்த இடத்துலதான்."

"என்னையே எதிர்த்துப் பேசறியா?"

"ஆமா சார்."

"அப்பாடா! இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்காவது வாய் இருக்கே! அடுத்த கேம் உன் பொறுப்பு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ அந்த மிமிக்ரி ஆளையும் கண்டுபிடிச்சுச் சேர்த்துக்கலாமா சார்? அச்சு அசலா உங்க குரல்!"

"மிமிக்ரியா?" முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நானே அலறி ரெக்கார்ட் பண்ணி, திருட்டுத்தனமா கேம்ல சேர்த்தேம்மா. என் வீட்டுக்காரி பயந்துபோய்க் கதவை உடைக்க வந்துட்டா!"