அறைக்கு அறை

"எங்கம்மாவை வச்சுக்க முடியாதுன்னு வாய் கூசாம சொல்றா பாரு!"

பக்கத்து அறையில் நாத்தனார் கத்தினாள். சின்ன மருமகளுக்கு முகம் எரிந்தது.

"பெத்த மக அவங்களே வச்சுக்க வேண்டியதுதானே? கைக்குழந்தையோட வேலைக்கும் ஓடுறேன், நான் எத்தனைதான் பார்க்கறது? வாயைத் திறந்து கேளுங்களேன்!" என்றாள் கணவனிடம்.

அவன் நகத்தைக் கடித்தான்.

நல்லவேளை, கணவனின் அண்ணன் வந்திருந்தார். நாடு நாடாகப் போய்ச் சண்டை தீர்த்துவைக்கும் தூதர். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு கூட்டத்தை ஒரே மேசையில் உட்கார வைத்தவர் என்று டிவியில்கூடக் காட்டினார்கள்.

"ரெண்டு பேரும் நேர்ல பேச வேண்டாம். ஆளுக்கொரு அறையில இருங்க. பேச்சை நான் கொண்டு போய்க் கொண்டு வர்றேன். எங்க தொழில்ல இப்படித்தான்" என்றார்.

மாமியார் கூடத்தில் பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் அறைக்கு அறை கடக்கும்போதெல்லாம் காலை மடக்கி வழிவிட்டார்.

"அவ வாயில மண்ணு விழ!" என்று அங்கே கேட்டது, இங்கே வந்து சேரும்போது, "உன் கஷ்டம் அவளுக்கும் புரியுதாம்மா" என்று ஆகியிருந்தது. இவள் சொன்ன 'பிசாசு' அங்கே போய் 'அண்ணி' ஆகியிருக்க வேண்டும். கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

கடைசியில் முடிவானது. ஆறு மாதம் இந்த வீட்டில், ஆறு மாதம் நாத்தனார் வீட்டில்.

நாத்தனார் எழுந்து வந்து இவள் கையைப் பிடித்தாள். "கோவத்துல ஏதேதோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"நானும்தான் அண்ணி, வாய்க்கு வந்தபடி..."

"அண்ணன் மட்டும் வரலேன்னா நம்ம குடும்பம் சந்தி சிரிச்சிருக்கும்."

சின்ன மருமகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் உலகத்தையே சேர்த்துவைக்கிறவர் எதிரில், ஒரு வயசானவங்களுக்குச் சோறு போட இப்படியா அடித்துக்கொண்டோம்!

தூதர் கோட்டை மாட்டிக்கொண்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அதுவரை யாரும் மாமியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே மெல்லக் கேட்டார்.

"ஏம்ப்பா, உன் பங்களாவுல எனக்கு எத்தனை மாசம்?"

தூதர் குனிந்து அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"என்னம்மா நீ! சமாதானம் பேச வந்தவன் பங்கு கேக்கலாமா?"