முதலில் யாரைக் கேட்கிறது?

சரசரவென்று ஒரு சத்தம். இருட்டிய பிறகு, அறைக்குள்ளேயே. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பார்த்தால் குழந்தை, பிஸ்கட் கவரை டேபிள் ஃபேனுக்குள் செருகிக் கொண்டிருந்தது.

"கையை எடு சனியனே. நான் ஏற்கெனவே பாதி உசுரா உட்கார்ந்திருக்கேன்."

குழந்தையைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டாள். திரையில் வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து இப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தரும் வேலை. போனில் காத்திருக்கும் நோயாளிகள் எல்லாரும் திட்டியாயிற்று. "நாளைக்கும் இப்படின்னா உங்களை வெச்சுக்க முடியாது" என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார்.

இந்த வேலை போனால் தனியாக வீடு எடுக்கும் எண்ணமும் போச்சு. அண்ணன் வீட்டு மாடியிலேயே ஆயுசுக்கும் கிடக்க வேண்டியதுதான்.

வேறு வழியில்லாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு, யாரிடம் பேசக் கூடாது என்று இருந்தாளோ அவளையே கூப்பிட்டாள். ஆபீசில் எல்லாரும் நெட்வொர்க் அக்கா என்பார்கள்.

"என்ன, இப்பதான் என் நம்பர் ஞாபகம் வந்துச்சா?"

"வேலை விஷயமாத்தான் கூப்பிட்டேன். லேப்டாப்ல வேற எல்லாம் நல்லா ஓடுது. ஆபீசுக்குன்னு உள்ளே ஒரு தனி கம்ப்யூட்டர் போட்டிருக்கே, அந்த விர்ச்சுவல் மெஷின், அது மட்டும் இழுக்குது."

"ஆபீஸ் சைட் பேருக்குப் பதிலா நான் சொல்ற நம்பரை அடி."

அடித்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது.

"இப்ப பேரை அடி."

மறுபடியும் வெள்ளைப் பக்கம்.

"அப்ப லைன் மேல குத்தமில்லை. பேரைச் சொல்லி விலாசம் கேக்கிற இடத்துலதான் கோளாறு. யாரை முதல்ல கேக்கணும்னு உள்ளே ஒரு ஃபைல்ல எழுதியிருக்கும். சொல்றேன், திற."

"அதையெல்லாம் தொடக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கான். அவன்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான்."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள். இரண்டு வரி இருந்தது. இரண்டு நம்பரையும் படித்துக் காட்டினாள்.

"ரெண்டாவது நம்ம ஆபீசோடது. முதல்ல இருக்கிறது உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஏதோ மெஷின். உன் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பேரையும் முதல்ல அதுகிட்ட போய்க் கேக்குது. அது முறைச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி வாயே திறக்கலை. நின்னு நின்னு பாத்துட்டு அப்புறம்தான் நம்மகிட்ட வருது."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் அது பதில் சொல்லியிருக்கும்." நெட்வொர்க் அக்கா கொஞ்சம் தயங்கினாள். "அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து நீ என்னென்ன சைட் பேரு அடிச்சேன்னும் அதுக்குத் தெரிஞ்சிருக்கும். வாடகை வீடு பாக்கிற சைட், ஸ்கூல், வக்கீல்... எல்லாம்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"பரவாயில்லையே. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, இப்ப பழியை மெஷின் மேல போடறீங்களா?"

"என்ன உளர்றே?"

"வீடு பாக்கிறேன்னு உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். நாலே நாள்ல சாப்பிடும்போது அண்ணன் கேக்கிறான், 'என்னம்மா, எங்களை விட்டுட்டு வாடகை வீடு தேடறியாமே? உன் ஆபீஸ்ல ஒரு லேடி சொன்னாங்க'ன்னு. வேற எந்த லேடி? கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே. என் கஷ்டம் உங்களுக்கு வம்பாப் போச்சா?"

"உங்கண்ணன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

"நம்பச் சொல்றீங்களா?"

"நம்பாட்டிப் போ. ஆனா அந்த முதல் வரியை அழிச்சுட்டுப் போ. உன் வேலையாவது மிஞ்சட்டும்."

பதில் சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்தது. அண்ணன். எப்போதும் போல, தட்டாமல். கையில் குழந்தைக்குப் பால்.

புருஷனை விட்டு வந்தவளுக்கு மாடியையே ஒழித்துக் கொடுத்த அண்ணன். இப்படி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவளும்தான் சொல்லியிருக்கிறாள்.

"யார்கிட்டம்மா சண்டை? குரல் கீழே வரைக்கும் கேக்குது."

"ஒண்ணுமில்லைண்ணா. இது காலையிலேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல மானம் போகுது."

"அவ்வளவுதானே? இதுக்குப் போய் யாரையும் கேட்டுக்கிட்டு இருக்காதே, எதையும் தொடாதே." பால் டம்ளரை மேஜையில் வைத்து, அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். "கீழே என் கம்ப்யூட்டர் நேத்து ராத்திரி படுத்துடுச்சு. நாளைக்கு ரிப்பேர்ல இருந்து வந்துடும். அது வந்துட்டா உன்னோடது தானா சரியாயிடும்."



அவள் அண்ணனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே முதல் வரியை அழித்தாள். சேவ் செய்தாள். ஆபீஸ் பெயரை அடித்தாள்.

பக்கம் பட்டென்று திறந்தது.

"அட, வந்துடுச்சே. எப்படிம்மா?"

"உன்னைக் கேக்காமப் போகச் சொன்னேன்."

அண்ணன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன பேச்சு இது? உன் நல்லதுக்குத்தானே..."

"கீழே போண்ணா."

"ஏய், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"போ."

அவன் வாசற்படியைத் தாண்டியதும் கதவைச் சாத்தினாள்.

"அக்கா... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்களைப் போய் நான்..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சாத்தினியே, பூட்டினியா?"

பெயின்ட் ஒட்டி இறுகிப்போயிருந்தது தாழ்ப்பாள். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்து, அதைப் போட்டாள்.