ஐந்தாவது பெயர்

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி இந்த வீட்ல எத்தனை பேர் இருந்தீங்க?"

"அஞ்சு பேர்" என்றாள் வெர்லீன் மேக்.

ஆகஸ்ட் வெயில். எங்கள் சவானா நகரில் இந்த மாதம் நாய்கூட நிழலை விட்டு நகராது. முகக்கவசத்துக்குள் என் மூச்சே என்னைச் சுட்டது. கழுத்தில் தொங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டை பெயர் தெரியாதபடி திரும்பிக் கிடந்தது. நான் அதை நேராக்கவில்லை.

படிவம் அனுப்பாத வீடுகளின் கதவைத் தட்டுவது என் வேலை. எந்த வீடு என்று கைபேசி சொல்லும். மூன்று நாளாக இந்த வீட்டைத்தான் சொன்னது. மூன்று நாளும் வேறு தெருவுக்குப் போய்விட்டேன்.

வெர்லீன் பெயர்களைச் சொன்னாள். அவள், அவள் தங்கை, தங்கையின் இரட்டைப் பெண்கள். ஐந்தாவது பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"டெமாரியோ மேக். இருபத்திமூணு வயசு. என் மகன்."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

அவள் தலையை உயர்த்தி வராந்தாவின் உள்கூரையைப் பார்த்தாள். புதிதாக நீலம் அடித்திருந்தார்கள். செத்தவர்கள் வீட்டுக்குள் வராமலிருக்க எங்கள் பகுதியில் அப்படி அடிப்பது வழக்கம். என் வீட்டில் அந்த நீலத்தைச் சுரண்டி எடுத்து இரண்டு வருடமாகிறது.

"ஜெயில்ல. இங்கேருந்து நாலு மணி நேரம் போகணும்."

விதியைச் சொன்னேன். கணக்கு நாளன்று சிறையில் இருந்தவர்கள் அந்தச் சிறை இருக்கும் ஊரின் கணக்கில்தான் வருவார்கள். இந்த வீட்டில் நான்கு பேர்தான்.

"அந்த ஊர்ல அவனுக்கு யாரைத் தெரியும்? வெளியில விட்டா ஒரு ராத்திரி தங்க வச்சுக்குவாங்களா அவங்க? அவன் கட்டிலுக்கு நேத்துதான் விரிப்பு மாத்தினேன். உள்ள வந்து பாரும்மா."

நான் உள்ளே போகவில்லை. போகக்கூடாது என்பதும் விதி.

சுற்றுலா வண்டி ஒன்று தெருவைக் கடந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியில் யாரோ ஒரு கப்பல்காரனின் ஆவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனான். இந்த ஊரில் இருநூறு வருடம் முன்னால் செத்தவனுக்கு இருக்கிற மதிப்பு வேறு யாருக்கும் இல்லை.

சத்தம் அடங்கியதும் வெர்லீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு பேருதான் கேக்கறேன். அவன் இந்த வீட்டுப் பிள்ளைன்னு எங்கயாவது எழுதியிருக்கட்டும். அடுத்த கணக்குக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ."

"எழுதிட்டேன்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது.

"உன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்மா."

நான்கு என்று அழுத்தி அனுப்பினேன். படியிறங்கும்போது வருத்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தது.

ஜனவரியில் டெமாரியோவின் வழக்கு நடந்த நான்கு நாளும், நீதிமன்றத்தில் நடைவழிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்போது யாருக்கும் முகக்கவசம் இல்லை. ஆனாலும் அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் என் வீட்டுப் படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் இரண்டு என்று எழுதினேன். நான். என் மகன் கேலன், வயது பத்தொன்பது.

இரண்டு வருடம் முன்னால் டெமாரியோ அவனைச் சுட்ட அன்றும் அவனுக்கு அதே வயதுதான்.