நாக்கு நீளமான புருஷன்

"இதெல்லாம் ஒரு ரொட்டியா? மனுஷன் திம்பானா இதை?"

அப்துல்ஹக்கின் குரல் மாடி ஜன்னல் வழியாகச் சந்து முழுக்கக் கேட்டது. சனிக்கிழமை பிற்பகலானால் மெக்னெஸ் ஊரின் அந்தப் பழைய சந்துக்கு இது பழகிப்போன கூச்சல்.

"கேஸ் அடுப்புல சுட்ட ரொட்டி எனக்கு இறங்காது! மாவை எடுத்துட்டுப் போ பொது அடுப்புக்கு! வெந்து முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னு வாங்கிட்டு வா!"

எதிர்வீட்டு வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த லல்லா ஸஹ்ரா பல்லைக் கடித்தாள்.

"மூணு பிள்ளையைப் பெத்தவளை இப்படியா விரட்டுவான்? நாக்கா அது, செருப்பா?"

மருமகள் இஹ்ஸான் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ஆனா ஒண்ணு இஹ்ஸான். அவன் பொண்டாட்டி நஸ்ஹா திருந்திட்டா. போன வருஷம் வரைக்கும் பக்கெட்டும் சோப்புமா வாரம் தவறாம ஹம்மாமுக்குக் குளிக்கக் கிளம்பிடுவா. பிள்ளைங்களைப் புருஷன் தலையில கட்டிட்டு வெந்நீர்க் குளியல் கேக்குதான்னு வாசல்லயே வெச்சு நாலு கேள்வி கேட்டேன். அன்னியிலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்லை."

"மாமி... நானும் ஹம்மாம் போய் ரொம்ப நாளாச்சு. இந்த வாரம் மட்டும்..."

"பால் குடிக்கிற பிள்ளையை வெச்சுக்கிட்டா? வீட்டுக் குழாய்ல தண்ணி வரலியா உனக்கு?"

இஹ்ஸான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

அப்துல்ஹக் வீட்டுக் கதவு திறந்தது. தலையில் ரொட்டிப் பலகை, அதன்மேல் கட்டம் போட்ட துணி, தோளில் ஒரு பெரிய பை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நஸ்ஹா வெளியே வந்தாள்.

ஸஹ்ராவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"டேய் அப்துல்ஹக்! நீயெல்லாம் ஆம்பளையா? கழுதைக்குக்கூட ஒருநாள் ஓய்வு குடுப்பாங்கடா!"

ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

"இஹ்ஸான், பிள்ளையை இங்க குடு. நீ கூடப் போய் அந்தப் பாவத்துக்கு ஒத்தாசை பண்ணு."

நஸ்ஹா திடுக்கிட்டாள். "வேணாம் லல்லா! நான் தனியாவே..."

"சும்மா இரும்மா. போகட்டும். பொறுமைன்னா என்னன்னு உன்னைப் பாத்தாவது இவ கத்துக்கட்டும்."

வழியெல்லாம் நஸ்ஹா இஹ்ஸானுக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். பொது அடுப்பு வந்ததும் சொன்னாள்:

"நீ வீட்டுக்குப் போ இஹ்ஸான். பிள்ளை அழுமில்ல?"

"உங்களோட சேர்ந்துதான் வரணும்னு மாமி சொன்னாங்கக்கா."

அதற்குள் அடுப்புக்காரர் பலகையை இறக்கி வாங்கிக்கொண்டு வழக்கம்போலச் சொன்னார்:

"நீங்க நிதானமாக் குளிச்சிட்டு வாங்கம்மா. ரொட்டி தயாரா இருக்கும்."

அடுப்பை ஒட்டியே இருந்தது ஹம்மாமின் பெண்கள் வாசல். நஸ்ஹாவின் முகம் வெளுத்துவிட்டது. இஹ்ஸான் அந்த வாசலைப் பார்த்தாள். தோள் பையைப் பார்த்தாள். உடம்பு தேய்க்கும் கையுறையின் விரல் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

இனி மறைத்துப் பயனில்லை.

"குளிக்கப் போறேன்னு கிளம்பினா சந்தே என்னைத் திட்டுது. புருஷன் விரட்டினான்னு கிளம்பினா அதே சந்து அய்யோ பாவம்ங்குது. கெட்ட பேரை நான் வாங்கிக்கிறேன், நீ போய்ட்டு வான்னு அவருதான் சொன்னாரு. இப்போ வீட்டுல மூணு பேருக்கும் தலை வாரிட்டு இருப்பாரு."

இஹ்ஸானின் பார்வை மறுபடி அந்த வாசலுக்குப் போனது.

"வாரத்துல இந்த ஒரு பொழுது இல்லேன்னா நான் பிள்ளைங்க மேலதான் எரிஞ்சு விழுவேன் இஹ்ஸான். விழுந்திருக்கேன். உங்க மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

இஹ்ஸான் அடுப்புக் கடை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"போய்ட்டு வாங்கக்கா. ரொட்டியை நான் பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது ஸஹ்ரா இருவரையும் வாசலிலேயே மடக்கினாள். நஸ்ஹா ஈரத் தலையை முக்காட்டுக்குள் இன்னும் இழுத்து மூடினாள்.

"முகத்தைப் பாரு, தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு! இவ்வளவு நேரம் அங்க என்னதான் பண்ணினீங்க?"

இஹ்ஸான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அடுப்புல பயங்கர அனல் மாமி. பாவம், நஸ்ஹா அக்கா நகரவே இல்லை."

"அல்லாஹ்தான் அவனைக் கேக்கணும்" என்றாள் ஸஹ்ரா.

அடுத்த சனிக்கிழமை. அப்துல்ஹக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து கூச்சல் கிளம்பிவிட்டது. ஸஹ்ராவின் மகன், இஹ்ஸானின் புருஷன் ஷுஐப்.

"இதெல்லாம் ஒரு ரொட்டியா? மாவை எடுத்துட்டுப் போ பொது அடுப்புக்கு!"

இஹ்ஸான் தலையில் பலகையும் தோளில் பெரிய பையுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"பிள்ளை அழுமே மாமி..."

"பிள்ளையை நான் பாத்துக்கறேன். எம் மகன் வாய்க்கு ருசியாக் கேக்கறதுல என்னடி தப்பு?" என்றாள் லல்லா ஸஹ்ரா. "போ, போ! வெந்து முடியற வரைக்கும் அங்கேயே நில்லு!"