திறக்காத பதிவு

"பதினொண்ணு! இத்தனை ஜனம் இருக்கற ஊர்ல, உன் பதிவைத் திறந்து பாத்தது மொத்தம் பதினொண்ணு. என்னம்மா தலைப்பு இது?"

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தின் அதிகாரி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். நேற்று காலை அவள் போட்ட அறிவிப்பு அதில் இருந்தது.

'நாளை காலை 6 முதல் பகல் 12 வரை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள்.'

ஊர்க்காரர்களின் போனில் இந்தத் தலைப்பு மட்டும் போய் விழும். அதைத் தொட்டால்தான் உள்ளே முழு அறிவிப்பும் திறக்கும்.

"இதுல இன்னொரு கூத்து கேளு. அந்தப் பதினொண்ணும் நான்தான். எண்ணிக்கை ஏறுதா, ஏறுதான்னு நேத்து பூரா திறந்து திறந்து பாத்தேன். ஏறினதெல்லாம் என்னால ஏறினது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று உதட்டை மடித்துக்கொண்டாள். மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் தாள் அவர் முன்னால் கிடந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. இதற்கு முன் எட்டு வருடம் துணிக்கடையில் வேலை. அங்கே வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. இங்கே முதல் நாள் நாற்காலியைக் காட்டி "உக்காரும்மா" என்றபோது, யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவள் அவள்.

"உனக்கு முன்னால இருந்த தம்பி எப்படிப் போடுவான் தெரியுமா?" அதிகாரி பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தார். "'இதைப் படிக்காதவர்கள் நாளை அழப் போகிறார்கள்!' எப்படி இருக்கு? நாலாயிரம் பேர் திறந்தாங்க. மேலிடத்துல கைதட்டினாங்க."

"உள்ள போனா, நேரம் என்னன்னு நாலாவது பத்தியிலதான் சார் வருது. அதுக்கு மேல மூணு பத்தி தண்ணீரோட பெருமை."

"அதுதான்ம்மா சாமர்த்தியம்! சினிமா போஸ்டர்ல கிளைமாக்ஸை அச்சடிப்பாங்களா?"

"இது சினிமா இல்லையே சார். குழாய்தானே."

வாய் தவறி வந்துவிட்டது. அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பேச்சு நல்லாத்தான் வருது. ஆனா மேல கேக்கறவங்களுக்கு நான் எண்ணிக்கைதானே காட்டணும்? உன் பேச்சையா காட்ட முடியும்?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். துணிக்கடைக்காரர் திரும்பச் சேர்த்துக்கொள்வாரா என்று கால்கள் தாமாகவே யோசிக்க ஆரம்பித்தன.

கதவு படீரென்று திறந்தது. புகார்ப் பிரிவு அக்கா, கையில் நோட்டோடு நின்றாள்.

"சார், என் மேஜை போன் செத்துப் போச்சுன்னு நெனச்சேன். என் செல்லுலேர்ந்து அடிச்சுப் பாத்தேன், ஜம்முனு அடிக்குது. வர்றவங்கதான் யாரும் இல்ல!"

"அதுக்கு என்ன இப்போ?"

"என்னவா? தண்ணி நிறுத்தற நாள்ல எரநூறு போன் வரும் சார். வீட்டுக்குப் போயும் காதுக்குள்ள மணி அடிக்கும். போன தடவை, அந்தத் தம்பி தலைப்பு போட்டப்ப, ஒருத்தர் என்னை என்னென்னவோ திட்டினாரு. இன்னிக்கு நிம்மதியா உக்காந்து மூணு மாசக் கோப்பை அடுக்கி முடிச்சுட்டேன்." அக்கா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "எல்லாம் நம்ம தலைப்புக்காரி வேலை. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு அண்டா ரொம்பி நிக்குது. திறந்து படிச்சீங்களான்னு கேட்டா, எல்லாந்தான் மேலயே இருக்கே, எதுக்குத் திறக்கணும்கறாங்க."

அதிகாரி பேனாவை விரலிடுக்கில் உருட்டினார். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு புகார்கூடவா வரல?"

"ஒண்ணே ஒண்ணு. ஒரு அம்மா பண்ணினாங்க," என்ற அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "அது கிடக்கட்டும் சார்."

"எப்படிக் கிடக்கும்? பாத்தியாம்மா, உன் தலைப்பு ஒருத்தருக்காவது போய்ச் சேரல! படிங்க, நானும் கேக்கறேன்."

அக்கா தயங்கித் தயங்கி நோட்டைப் பிரித்தாள். "'தலைக்கு ஷாம்பு போட்டதும் மாடித் தொட்டி காலியாகி தண்ணி நின்னு போச்சு. இன்னிக்கு வராதுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. இப்ப நுரையோட நிக்கறேன்.'"

"பாவம்!" அதிகாரி எழுந்தே விட்டார். "கேட்டியா? ஒரு பெண்மணி நுரையோட நிக்கறாங்க. இதுக்கு யார் பொறுப்பு? அக்கா, விலாசத்தைச் சொல்லுங்க. நானே நேர்ல போய் மன்னிப்பு கேக்கறேன்."

"போய்த்தான் ஆகணும் சார். உங்க வீடுதான்," என்றாள் அக்கா. "தண்ணி ஆபீஸ்காரர் வீட்டுலயே இருக்கும்போது பதிவை எதுக்குப் பாக்கணும்னு இருந்துட்டாங்களாம். உங்களுக்கு அடிச்சா நீங்க போனை எடுக்கலையாம்."

அதிகாரி மெல்ல உட்கார்ந்தார். தாளில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"அடுத்த வாரமும் ஒருநாள் தண்ணி நிறுத்தறோம்மா. தலைப்பை நீயே போடு... போட்டதும், முதல்ல எங்க வீட்டுக்கு ஒரு போன் பண்ணி வாசிச்சுடு."